வசந்தத் தொடக்கத்தில் மதீராத் தீவு: சேலத்திலிருந்து புறப்படுவோருக்கான முழுமையான வழிகாட்டி

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாள்களில் சேலத்தில் வெயில் ஏறத் தொடங்கிவிடுகிறது. அதே நாள்களில், அட்லாண்டிக் பெருங்கடலில் லிஸ்பனுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மதீராத் தீவில் வசந்தம் தொடங்குகிறது. போர்ச்சுகலுக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதியான இந்தத் தீவின் தலைநகர் ஃபுன்ஷாலில், மார்ச் மாதத்துப் பகல் வெப்பம் 19 அல்லது 20 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவு வெப்பம் 13 அல்லது 14 டிகிரியை ஒட்டியும் நிற்கும். டிசம்பரில் ஏற்காட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் குளிர் புதியதன்று.

ஏற்காட்டை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மதீரா என்பது கடலில் எழுந்து நிற்கும் ஓர் எரிமலை. 57 கிலோமீட்டர் நீளமும் 22 கிலோமீட்டர் அகலமுமே கொண்ட அந்தச் சிறிய நிலத்தின் நடுவில் 1862 மீட்டர் உயரமுள்ள பிக்கோ ருய்வோ சிகரம் இருக்கிறது. நம் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியைவிட அது இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியதும் மேகம் வந்து கண்ணாடியை மூடுவதையும், மேலே போனால் மீண்டும் வெளிச்சம் திறப்பதையும் சேலத்துக்காரர்கள் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். மதீராப் பயணத்தைத் திட்டமிட அந்த அறிவுதான் முதன்மையாக வேண்டும். பெரும்பாலான பயணத் திட்டங்கள் இந்தத் தீவை ஒரு கடற்கரையாக நினைத்து, முதல் நாள் இந்த இடம், இரண்டாம் நாள் அந்த இடம் என்று வீட்டிலேயே எழுதி முடித்துவிடுகின்றன. எங்கள் முதல் திட்டமும் அப்படித்தான் இருந்தது; சிகரத்துக்கு என்று குறித்து வைத்த நாளில் மேலே ஏறி, பத்தடி தூரத்தில் இருந்த கைப்பிடிச் சுவரைக்கூடப் பார்க்க முடியாமல் இறங்கி வந்தோம். ஆகவே இந்த வழிகாட்டி இரண்டு பகுதிகளாக நடக்கிறது. விசா, விமானம், தங்குமிடம் ஆகியவற்றை மிக முன்னதாகவே உறுதி செய்துவிட வேண்டும். மலையை எந்த நாளில் ஏறுவது என்பதை அந்தந்த நாளின் வானத்தைப் பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.

எந்த வாரம் போவது

மார்ச் மாதம் நம் ஊர்க் குடும்பங்களுக்கு எளிதான மாதமன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஏப்ரல் வரை யாரும் அசைய முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருப்பவருக்கும், கொலுசுப் பட்டறையோ ஜவ்வரிசி ஆலையோ நடத்துபவருக்கும் மார்ச் 31 கணக்கு முடிக்கும் நாள். எனவே இந்தப் பருவத்தில் போக உண்மையில் வாய்ப்புள்ளவர்கள் ஓய்வு பெற்ற பெற்றோரும், புதிதாகத் திருமணமானவர்களும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட தம்பதியருமே ஆவர். பள்ளிப் பிள்ளைகளோடு போக வேண்டியவர்கள் தேர்வு முடிந்தவுடன் ஏப்ரல் இறுதியில் போவது நல்லது. அப்போதும் தீவு இதமாகவே இருக்கும், மழையும் குறைந்திருக்கும்.

மார்ச்சில் போகிறவர்கள் நடு வாரங்களைத் தேர்ந்துகொள்வதே என் பரிந்துரை. பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ, ஈஸ்டருக்கு 47 நாள் முன்பு வரும் செவ்வாய்க்கிழமையை ஒட்டி, ஃபுன்ஷாலில் கார்னிவல் ஊர்வலங்கள் நடக்கும். ஈஸ்டரை ஒட்டிய வாரத்தில் ஐரோப்பியர்கள் விடுமுறைக்கு வருவார்கள். இரண்டு சமயங்களிலும் அறை வாடகையும் விமானக் கட்டணமும் உயரும். ஈஸ்டர் ஆண்டுதோறும் நகரும் நாள் என்பதால் முதலில் அந்த ஆண்டின் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, பிறகு தேதியைக் குறிக்க வேண்டும். புகழ்பெற்ற மலர்த் திருவிழா அண்மை ஆண்டுகளில் மே மாதத்தில்தான் நடக்கிறது. அதற்காகவே போகிறவர்கள் மார்ச்சில் போனால் ஏமாற்றம் அடைவார்கள். ஆனால் மார்ச்சில் பூ இல்லை என்று பொருளில்லை. பறவை அலகு போன்ற ஸ்ட்ரெலிட்சியாப் பூக்கள் சாலையோரங்களிலேயே நிற்கும். கமேலியாப் பூக்கள் முடியும் தறுவாயில் இருக்கும். மதீராவின் பெருமை என்று அழைக்கப்படும் நீலக் கதிர்ப்பூ மாத இறுதியை நெருங்க நெருங்க மலரத் தொடங்கும்.

மார்ச்சின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதுவரை அவர்களைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்போம், அதன் பிறகு நாலரை மணி நேரம். பயணம் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டினால், மலைப்பாதை முன்பதிவு, பேருந்து, விமானம் எல்லாவற்றிலும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மார்ச் நடுவில் காலை ஏழேகால் வாக்கில் விடிந்து மாலை ஏழேகால் வாக்கில் பொழுது சாயும்.

விசா: ஆறு மாதம் முன்பு தொடங்க வேண்டிய வேலை

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய் வர அனுமதிக்கும் ஷெங்கன் பகுதிக்குள் மதீராவும் அடங்கும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மதீராவில் ஏழு இரவும் லிஸ்பனில் இரண்டு இரவும் தங்கினால் அது போர்ச்சுகல் விசா. வழியில் பாரிஸையும் பார்த்துவிடலாம் என்று நாள்களைக் கூட்டினால் இந்தக் கணக்கு மாறிவிடக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாளில் வரும். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். ஆகவே மார்ச் 15 அன்று புறப்படுவதாக இருந்தால், செப்டம்பரில் கடவுச்சீட்டைச் சரிபார்த்து, நவம்பரில் தேதியை முடிவு செய்து, டிசம்பர் இறுதிக்குள் அல்லது பொங்கலுக்கு முன்பு விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பானது. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்பீட்டின் தொகை குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ; விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டியிருப்பதால், சந்திப்பு நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு குடும்பத்தினர் அனைவரும் ஒரே நாளில் போய் வருவது வீண் அலைச்சலைக் குறைக்கும்.

விண்ணப்பத்தில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் இடம் பணக் கணக்கு. பட்டறையும் கடையும் நடத்துபவர்கள் பலருக்கு வருமானம் நடப்புக் கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும்; சேமிப்புக் கணக்கில் பெரிய இருப்பு இருக்காது. விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று ஒரு பெருந்தொகையைப் போட்டு இருப்பைக் காட்டுவது ஐயத்தையே வளர்க்கும். அதைவிட, நடப்புக் கணக்கின் சில மாத அறிக்கை, வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று ஆகியவற்றை வைத்து, தொழிலின் தன்மையை ஒரு பக்கக் கடிதத்தில் தெளிவாக விளக்குவது நல்லது. ஓய்வு பெற்ற பெற்றோரின் செலவைப் பிள்ளைகள் ஏற்றால், அந்தப் பொறுப்பேற்புக் கடிதத்தையும், உறவைக் காட்டும் ஆவணத்தையும், பிள்ளைகளின் வருமானச் சான்றையும் சேர்க்க வேண்டும். பெயரில் முன்னெழுத்து கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும் இருப்பது தமிழ்நாட்டில் பரவலான சிக்கல். விமானச் சீட்டை எப்போதும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள்.

விமானமும் காற்றும்

சேலத்திலிருந்து இந்தப் பயணத்துக்குப் பெங்களூருவும் சென்னையும் வாயில்கள். பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் நகர நெரிசலையும் கடக்க வேண்டும். இரவு விமானமாக இருந்தாலும் மதியத்துக்கு முன்பே புறப்பட்டுவிடுவதுதான் மன நிம்மதி தரும். அங்கிருந்து துபாய் வழியாகவோ ஃபிராங்ஃபர்ட் வழியாகவோ லிஸ்பனை அடைந்து, அடுத்த விமானத்தில் ஃபுன்ஷாலுக்குப் போகலாம். லிஸ்பனிலிருந்து ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரப் பறத்தல். ஷெங்கன் பகுதிக்குள் எந்த விமான நிலையத்தில் முதலில் இறங்குகிறோமோ அங்கேதான் குடிநுழைவுச் சோதனை நடக்கும். 2025 அக்டோபர் முதல் அங்கே கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் புதிய முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. எனவே அந்த நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். எல்லாப் பகுதிகளையும் ஒரே சீட்டாக வாங்கினால், ஒரு விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு விமான நிறுவனத்தின் பொறுப்பாகிறது. தனித்தனியாக வாங்கிச் சேமிக்கும் சில ஆயிரம் ரூபாய் அந்த ஒரு நாளில் போய்விடும்.

மதீரா விமான நிலையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலைக்கும் கடலுக்கும் நடுவே தட்டையான நிலம் இல்லாததால், ஓடுதளத்தின் ஒரு பகுதியைக் கடலோரத்தில் உயர்ந்த கான்கிரீட் தூண்களின் மேல் கட்டியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் முடிந்த அந்த விரிவாக்கத்துக்குப் பிறகு ஓடுதளத்தின் நீளம் 2781 மீட்டர். ஆனால் நீளம் கூடியதால் காற்று மாறிவிடவில்லை. மலையில் மோதித் திரும்பும் காற்று சுழன்று இறங்குவதால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காற்று வீசினால் இறங்க அனுமதி கிடையாது; சிறப்புப் பயிற்சி பெற்ற விமானிகளே அங்கே இறக்குகிறார்கள். காற்றுள்ள நாளில் விமானம் வானத்தில் வட்டமிடும். பக்கத்துத் தீவான போர்ட்டோ சாந்தோவுக்குத் திரும்பும். சில சமயம் லிஸ்பனுக்கே போய்விடும். இது பாதுகாப்புக்கான ஏற்பாடு என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு முன்பே சொல்லி வைத்தால் அவர்கள் விமானத்தில் பதற மாட்டார்கள். இதனால் எழும் நடைமுறை விதி ஒன்றுதான்: தீவிலிருந்து கிளம்பும் அதே நாளில் இந்தியா திரும்பும் விமானத்தை வைக்காதீர்கள். லிஸ்பனின் இரண்டு இரவுகளைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்காமல் முடிவில் வையுங்கள். காற்று ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் ஊர் திரும்பும் விமானம் தப்பாது.

எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது

தீவு சிறியது என்பதால் ஓர் ஊரிலேயே ஏழு இரவும் தங்கலாம். தெற்குக் கரையிலுள்ள ஃபுன்ஷால் அதற்குப் பொருத்தமானது. நகரின் பெயர் அங்கே காட்டுச் செடியாக வளர்ந்து கிடந்த சோம்பிலிருந்து வந்தது. போர்ச்சுக்கீசிய மொழியில் சோம்புக்கு ஃபுன்ஷோ என்று பெயர். தெற்குப் பக்கம் மழை மறைவில் இருப்பதால் அங்கே வெயில் அதிகம், வடக்குக் கரையில் ஈரம் அதிகம், மேற்கே கல்யெட்டா பகுதி மிகுந்த வெயிலுள்ளது, கிழக்கு முனை காய்ந்த புல்வெளி. மழைக்காலத்து ஏற்காட்டுக்கும் அதே நாளின் சேலத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே அரை மணி நேரக் கார் தூரத்தில் கிடைக்கிறது.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பக் கூடாது. ஃபுன்ஷால் ஒரு கிண்ணத்தின் உட்சுவரைப் போல மலைச்சரிவில் அமைந்த ஊர். கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் என்று காட்டும் வீடு, நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக ஏறிச் செல்லும் தெருவில் இருக்கலாம். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பழைய நகரப் பகுதியிலோ, மேற்கே கடலோர நடைபாதையுள்ள லிடோ பகுதியிலோ அறை எடுப்பது நல்லது. அடுக்களையுள்ள அறையாக எடுங்கள். காரணத்தை உணவுப் பகுதியில் சொல்கிறேன். அறைகளில் பெரும்பாலும் சூடேற்றும் வசதி இருக்காது. வெளியே 14 டிகிரியில் சுகமாகத் தோன்றும் காற்று, இரவு முழுவதும் கல் தரையுள்ள அறையில் குளிராகத் தெரியும். இதை மட்டும் விடுதியாரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஃபுன்ஷாலில் தங்குவோரிடம் ஓர் இரவுக்கு ஒருவருக்கு 2 யூரோ என்ற அளவில் சுற்றுலா வரி வாங்குகிறார்கள்.

நகருக்குள் பேருந்துகள் நன்றாக ஓடுகின்றன. மலைப்பாதைகளின் தொடக்கத்துக்கு விடியற்காலையில் போய்ச் சேரத்தான் கார் தேவைப்படுகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டால் வாடகைக் கார் எடுக்கலாம். விரைவுச் சாலைகள் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக நேராகப் போகின்றன. சிக்கல் ஊர்த் தெருக்களில்தான். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு வளைவுகள் பெரிய தடையாக இருக்காது, ஆனால் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்ப வேண்டும். கியர் மாற்றும் கையும் மாறிவிடுவதால், தானியங்கிக் கியர் உள்ள வண்டியை முன்பே கேட்டு வாங்குவது நல்லது. அதில் தயக்கம் இருந்தால் நாலு நாள் பேருந்தும், மூன்று நாள் ஓட்டுநரோடு வாடகை வண்டியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நாள்களை வானம் பிரிக்கட்டும்

இதுவே இந்தப் பயணத்தின் உயிர்நாடி. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. சேலம் நகரத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள 1200 மீட்டர் உயர வேறுபாட்டில் எட்டு டிகிரி குறைவதை நாம் உடம்பால் அறிவோம். அதே கணக்கில், ஃபுன்ஷாலில் 19 டிகிரி இருக்கும்போது, 1818 மீட்டர் உயரத்தில் கார் போகக்கூடிய பிக்கோ தோ அரியெய்ரோ சிகரத்தில் ஏழு டிகிரிதான் இருக்கும். காற்று சேர்ந்தால் அதற்கும் கீழே இருப்பதுபோல் உறைக்கும். சில ஆண்டுகளில் மார்ச்சில்கூட அங்கே பனி விழுந்திருக்கிறது.

மேகம் எங்கே நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். வடகிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் பெரும்பாலும் மலையின் நடு உயரத்தில் ஒரு போர்வையாகத் தங்கிவிடும். அதற்கு மேலே காற்று உலர்ந்திருப்பதால் சிகரங்கள் வெயிலில் நிற்கும். எனவே ஃபுன்ஷாலின் சன்னலில் சாம்பல் நிற வானம் தெரிவதாலேயே சிகரப் பயணத்தைக் கைவிடக் கூடாது. கீழே வெயில் அடிப்பதாலேயே மேலேயும் வெயில் என்று நம்பவும் கூடாது. நெட்மதீரா என்ற தளம் சிகரங்களிலும் கரையோர ஊர்களிலும் உள்ள நேரடிக் கேமராக்களின் காட்சியைக் காட்டுகிறது. காலையில் எழுந்தவுடன், காபி போடுவதற்கு முன்பே, அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். போர்ச்சுகலின் வானிலை நிறுவனமான இப்மாவின் எச்சரிக்கை நிறத்தையும் கூடவே பார்க்க வேண்டும். ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் மலைக்குப் போகவே கூடாது. 2010 பிப்ரவரி 20 அன்று பெய்த பெருமழையில் மலை ஓடைகள் மண்ணும் பாறையுமாக ஃபுன்ஷாலுக்குள் பாய்ந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செங்குத்தான தீவில் நீர் இறங்கும் வேகம் அப்படிப்பட்டது.

இதை மனத்தில் வைத்து, தேதி எழுதாத நாள்களாகத் திட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அரியெய்ரோ கேமராவில் வானம் திறந்திருக்கும் முதல் காலையைச் சிகரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அது முதல் நாளாகவே வந்தாலும் தள்ளிப் போடாதீர்கள், ஏனெனில் அந்தக் காலை மீண்டும் வரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. சூரியன் எழும் முன் போனால் காலடியில் மேகக் கடல் கிடக்கும். மூடுபனி அடர்ந்த நாளுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது: வடமேற்கு மேட்டுநிலத்திலுள்ள ஃபனால். முறுக்கிக்கொண்டு நிற்கும் மிகப் பழைய தில் மரங்கள் பனியில்தான் முழு அழகோடு தெரிகின்றன, வெயிலில் அவை வெறும் மரங்கள். வடக்கில் மழை பெய்யும் நாளில் கிழக்கு முனையான சாவ் லோரென்சோவுக்குப் போகலாம். சிவப்பும் பழுப்புமான எரிமலைப் பாறைகளில் மரமே இல்லாத அந்த நடைக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். மேற்கே கல்யெட்டாவுக்கும் அதே நாள் பொருந்தும். கடல் அமைதியாக இருக்கும் நாளை, எரிமலைக் குழம்பு கடலில் இறங்கி உறைந்து உண்டான போர்ட்டோ மோனிஸ் குளங்களுக்கும், திமிங்கிலம் பார்க்கும் படகுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடல் நீர் 18 டிகிரிதான். குளிப்பவர்கள் சிறிது நேரமே இருக்க முடியும்.

எங்கும் மழை என்றால் நகரமே போதும். 1940-இல் திறக்கப்பட்ட உழவர் சந்தையில் மீன் பகுதியில் கரிய, நீண்ட எஸ்பாடா மீனையும் மேல் தளத்தில் பழங்களையும் பார்க்கலாம். பழத்தை நறுக்கிச் சுவைக்கக் கொடுப்பார்கள், வாங்குவதானால் எடை போடும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். மோண்டே என்ற மேட்டுப் பகுதிக்குக் கம்பி வண்டியில் 15 நிமிடம். அங்கேயுள்ள மாதா கோயிலில் ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் கார்ல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அரியணையை இழந்து இந்தத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர் 1922 ஏப்ரல் 1 அன்று இங்கேயே இறந்தார். மோண்டேயிலிருந்து பிரம்புக் கூடை வண்டியில் சரிந்து இறங்கும் சவாரி புகழ்பெற்றது என்றாலும், முதுகு வலி உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாய்க்கால் ஓரம் நடப்பது

மதீராவின் உண்மையான அழகு அதன் லெவாடாக்களில் இருக்கிறது. லெவாடா என்றால் வாய்க்கால்தான். ஈரமான வடக்கிலும் உயரத்திலும் ஊறும் நீரைக் காய்ந்த தெற்கிலுள்ள கரும்புக்கும் வாழைக்கும் திராட்சைக்கும் கொண்டு வர, 15-ஆம் நூற்றாண்டு முதல் பாறையைச் செதுக்கி வெட்டப்பட்டவை அவை. மேட்டூரின் கிழக்கு, மேற்குக் கால்வாய்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருள் உடனே விளங்கும். லெவாடெய்ரோ எனப்படும் பணியாளர் மடையைத் திறந்து மூடி, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய நேரத்துக்கு முறை வைத்து நீர் விடுகிறார். நம் ஏரிப் பாசனத்தில் நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி என்ற பணியாளர் செய்த அதே வேலை. வாய்க்காலைப் பராமரிக்க நடக்கும் ஒற்றையடிக் கரையே இன்று நடைபாதையாகியிருக்கிறது. வாய்க்கால் மெல்லிய சரிவிலேயே ஓட வேண்டும் என்பதால், செங்குத்தான மலையிலும் பாதை கிட்டத்தட்டச் சமதளமாக இருக்கிறது.

நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு நடந்தால் நடையின் சுவை கூடும். லாரிசில்வா எனப்படும் பழங்காடு 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஐரோப்பாவின் பெருநிலத்தில் பனியுகங்களில் அழிந்துபோன காட்டு வகை இந்தத் தீவுகளில் தங்கிவிட்டது. அதன் மரங்களில் ஒன்றான வின்யாட்டிக்கோ, ஏற்காட்டுத் தோட்டங்களில் காய்க்கும் பட்டர் ஃபுரூட்டின் பங்காளி. நம் பட்டையும் இதே குடும்பம். இந்த மரங்களின் இலைகள் மேகத்திலிருந்து நீர்த்துளிகளைப் பிடித்துச் சொட்டவிடுகின்றன. அது எரிமலைப் பாறைக்குள் இறங்கி ஊற்றாக வெளிவந்து வாய்க்காலில் சேர்கிறது. உலகில் இந்தத் தீவில் மட்டுமே வாழும் ஒரு காட்டுப் புறா, அந்த மரங்களின் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகிறது.

எந்தப் பாதை யாருக்கு என்பதில் கண்டிப்பு வேண்டும். வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ரிபெய்ரோ ஃப்ரியோவிலிருந்து பால்கோயிஸ் காட்சி மேடைக்குப் போகும் பாதை சிறந்தது. ஒரு வழிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், சமதளம், முடிவில் நடு மலைகள் முழுவதும் கண்ணெதிரே. நன்றாக நடப்பவர்கள் கேய்மாடாஸிலிருந்து கால்டெய்ராவ் வெர்டே அருவிக்குப் போகலாம். ஒரு வழிக்கு ஆறரைக் கிலோமீட்டர், இடையில் குனிந்து நடக்க வேண்டிய சுரங்கங்கள், அவற்றுக்குத் தலையில் மாட்டும் விளக்கு தேவை. ரபசாலிலிருந்து இருபத்தைந்து ஊற்றுப் பாதை அழகானது, ஆனால் கூட்டம் மிகுந்தது. காலை எட்டரை மணிக்குள் தொடங்குங்கள். பல இடங்களில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கம்பி வேலிக்கு அப்பால் பள்ளம். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுபவர்கள் அந்தப் பாதைகளைத் தவிர்த்துவிட வேண்டும். குடும்பத்தில் ஒருவர் அப்படி இருந்தால் மற்றவர்கள் அவரை வற்புறுத்தக் கூடாது. மழை பெய்யும்போதும், பெய்து ஓய்ந்த உடனேயும், மேலிருந்து கற்கள் விழும். அப்போது நடக்கவே வேண்டாம்.

அரியெய்ரோவிலிருந்து ருய்வோ வரை போகும் சிகரப் பாதையை எல்லாப் பட்டியலிலும் முதலில் வைப்பார்கள். 2024 ஆகஸ்டில் நடு மலைகளில் பரவிய காட்டுத்தீக்குப் பிறகு அந்தப் பாதை நெடுங்காலம் மூடப்பட்டிருந்தது. இதற்கும் மற்றப் பாதைகளுக்கும், திறந்திருக்கிறதா என்பதை அரசின் பாதைப் பட்டியலில் முந்தைய நாள் மாலை பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவுபெற்ற பாதைகளுக்கு 2025 முதல் வெளியூர்க்காரர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். சிம்ப்ளிஃபிக்கா என்ற அரசுத் தளத்தில் முன்பதிவு செய்து செலுத்தலாம். கேமராவையும் முன்னறிவிப்பையும் பார்த்துவிட்டு முந்தைய இரவில் பதிவு செய்தால், திட்டத்தை வானத்துக்கு விட்டுவைக்கும் நம் முறையும் குலையாது.

சாப்பாடு

அசைவம் உண்பவர்களுக்குக் கவலையில்லை. சைவர்கள்தான் தயாராகப் போக வேண்டும். பருப்பு, காய் என்று எழுதியிருக்கும் சூப்பில்கூட இறைச்சிச் சாறோ தொத்திறைச்சித் துண்டோ இருக்கலாம். "செம் கார்னே, செம் பெய்ஷே" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். இந்த நான்கு சொற்களையும் வீட்டில் அனைவரும் பழகிக்கொள்ளுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்த மாவைக் கல்லில் சுட்டுப் பூண்டு வெண்ணெய் தடவித் தரும் போலோ தோ காக்கோ ரொட்டி எங்கும் கிடைக்கும். சோள மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்துத் துண்டு போட்டுப் பொரிக்கும் மில்யோ ஃப்ரீட்டோ, களி தின்று வளர்ந்த சேலத்து நாக்குக்கு உடனே பிடித்துவிடும். நம் சீத்தாப்பழத்தின் உறவான அனோனா, மார்ச்சில் பருவத்தின் கடைசியில் இருக்கும். கரும்புப் பாகில் மசாலா சேர்த்துச் செய்யும் போலோ தி மெல் என்ற கேக்கின் மணம் வெல்லம் காய்ச்சும் ஆலையை நினைவூட்டும். 1500-ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவின் சர்க்கரைச் சந்தையில் முதலிடத்தில் இருந்த தீவு இது. கல்யெட்டாவில் இன்றும் கரும்பு அரைக்கும் ஆலை உண்டு.

அடுக்களையுள்ள அறை இருந்தால், ஒரு வேளைச் சோறும் ரசமும் பெரியவர்களின் உடல்நலத்தைக் காக்கும். அரிசி, தக்காளி, வெங்காயம் எல்லாம் அங்கே பேரங்காடிகளில் கிடைக்கும். ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. நெய்ப் புட்டியும் பால்கோவாவும் பெட்டியில் இருக்கக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையையும் எடுக்காதீர்கள், காய்ந்த பொடியாக எடுங்கள். வழியில் கொறிக்கத் தட்டுவடை போதும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலங்கி ஒன்று, அதற்குள் போடக் கம்பளிச் சட்டை, பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, தலை விளக்கு ஆகியவை இருந்தால் சிகரம் முதல் கரை வரை சமாளிக்கலாம். குடை காற்றில் நிற்காது. சேலை கட்டும் அம்மாக்களுக்கு வாய்க்கால் கரையில் சுரிதார் பாதுகாப்பானது என்பதை மரியாதையோடு சொல்லிவிடுங்கள். அங்குள்ள மின் செருகியில் இரண்டு முனைப் பிளக் நேரடியாகப் பொருந்தும். நம் மூன்று முனைப் பிளக்குக்கு மாற்றி வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

தீவை விட்டுக் கிளம்பும் நாள்

முந்தைய இரவே காற்றின் முன்னறிவிப்பைப் பாருங்கள். காலை விமானமாக இருந்தால், அது ரத்தானாலும் அன்றே மாற்று விமானம் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாடகைக் காரைத் திரும்ப ஒப்படைக்கும்போது நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றினால் விமானம் ரத்தானால், அது நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்பதால் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது. ஆனால் ஐரோப்பிய விதிப்படி, மாற்று விமானம் வரும்வரை உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் தர வேண்டியது அந்த விமான நிறுவனத்தின் கடமை. வரிசையில் நின்று அதைக் கேளுங்கள். அவர்கள் ஏற்பாடு செய்ய இயலாமல் நீங்களே செலவு செய்ய நேர்ந்தால், மிதமான விலையில் அறை எடுத்து, ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வைத்து, ஊர் திரும்பியவுடன் எழுத்தில் கோருங்கள்.